சாய்ந்த மைதானம், சாயாத மனிதர்

கால்பந்து என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பீலே, மரடோனா. நான் எழுத எடுத்துக்கொண்டவர் உலகக் கோப்பைப் பக்கமே போகாதவர். பெயர் அலெக் ஸ்டாக். இங்கிலாந்தின் கீழ் டிவிஷன் கிளப்புகளில் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த மேனேஜர். டிப்ளமோ படிக்கிற நமக்கு இவரிடம் மூன்று பாடங்கள் இருக்கின்றன.

1. இருப்பதே கருவி

1917ல் சாமர்செட்டில் பிறந்தவர். குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது உலகப்போர் வந்தது. 1944ல் பிரான்சின் கான் நகரச் சண்டையில் காயம்பட்டார். 1946ல், 29 வயதில், யோவில் டவுன் கிளப்புக்கு ஆட்டக்காரரும் மேனேஜருமாகப் போனார். கையுறை தைக்கிற ஊர் அது. கிளப் தேசிய லீகிலேயே கிடையாது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஆட வருகிறவர்கள். மைதானமோ ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும்!

1949 ஜனவரி 29. எஃப்.ஏ. கோப்பை நான்காவது சுற்று. எதிரே முதல் டிவிஷன் சண்டர்லேண்ட். லென் ஷாக்கிள்டன் என்ற ஒரே ஆட்டக்காரருக்கு 20,050 பவுண்டு கொடுத்த பணக்கார கிளப். ஸ்டாக் என்ன செய்தார்? சரிவை மறைக்கவில்லை. பத்திரிகைக்காரர்களிடம் அதைப் பற்றியே பேசிப் பேசி, வருகிறவர்களின் மனதில் பயத்தை ஏற்றிவிட்டார். முதல் கோலையும் அவரே போட்டார். கூடுதல் நேரத்தில் யோவில் 2-1 என ஜெயித்தது. குறையையே கருவியாக்கினார், அவ்வளவுதான்.

2. அதிசயம் ஒரு நாள், வேலை முப்பது வருஷம்

அடுத்த சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-0 என யோவில் தோற்றது. ஸ்டாக் ஓய்ந்து உட்காரவில்லை. அதே வருஷம் லேட்டன் ஓரியண்டுக்குப் போனார்; 1956ல் அதை மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவில் சாம்பியனாக்கினார். நடுவில் ஆர்சனல், ரோமா என்று பெரிய இடங்களும் கூப்பிட்டன. இரண்டிலும் நிலைக்கவில்லை. திரும்பவும் ஓரியண்டுக்கே வந்தார். அதை யாரும் தோல்வி என்று சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். தனக்கு எந்த வேலை கைவரும் என்று தெரிந்தவர் அவர்.

3. இடைவேளை முடிவு அல்ல

1967 லீக் கோப்பை இறுதி ஆட்டம், வெம்பிளி. ஸ்டாக்கின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அப்போது மூன்றாம் டிவிஷன். இடைவேளையில் முதல் டிவிஷன் வெஸ்ட் பிராம்விச்சிடம் 2-0 என்று பின்தங்கியிருந்தது. கடைசியில் 3-2 என ஜெயித்தது. ஃபுல்ஹாமிலிருந்து அவர் வாங்கி வந்த ராட்னி மார்ஷ் அதில் ஒரு கோல் போட்டார். அதே சீசனில் மூன்றாம் டிவிஷன் பட்டமும் கிடைத்தது. 1970ல் லூட்டனை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார். 1975ல் ஃபுல்ஹாமை எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கே கொண்டுபோய், வெஸ்ட் ஹாமிடம் 2-0 எனத் தோற்றார். 2001ல் மறைந்தார்.

நாளைக்கு இன்டர்வியூவில் பக்கத்து நாற்காலியில் டிகிரிக்காரர் உட்கார்ந்திருப்பார். "டிப்ளமோதானே?" என்று ஒரு கேள்வியும் வரும். மைதானம் சரிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சரிவில் மூன்று வருஷம் ஓடிப் பழகினவங்க நாமதானே! ஒர்க்‌ஷாப்பில் மெஷினைத் தொட்ட கை நம்ம கை. பயப்படாம போங்க, ஆடிட்டு வாங்க!