எழுத்து மட்டும்தான் வரவில்லை

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் தர்மபுரி பக்கம். பத்து வருடமாகப் பொம்மசந்திராவில் இருக்கிறோம். கணவர் இங்கே இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறார். மூத்த பையனுக்கு ஒன்பது வயது; தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நான்காம் வகுப்பு. இரண்டாம் மொழி கன்னடம். வீட்டில் தமிழ்தான். நன்றாகப் பேசுவான்; தெருப் பிள்ளைகளோடு கன்னடமும் பேசுகிறான். பார்த்த சினிமாவை முதல் காட்சியிலிருந்து வரிசையாகச் சொல்வான். மளிகைக் கடைக்கு அனுப்பினால் மனக்கணக்குப் போட்டு மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருவான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் திணறுகிறான். ஒரே பக்கத்தில் ஒரே இங்கிலீஷ் வார்த்தையை மூன்று விதமாக எழுதுகிறான். கன்னட டிக்டேஷனில் பத்துக்கு ஒன்று, இரண்டு. போர்டில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறதாம். சின்ன வயதில் வலது காதில் சீழ் வடிந்தது, இப்போது இல்லை. டியூஷனில் அடி வாங்குகிறான். திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி என்கிறான். பள்ளியில், “ஸ்லோ லேர்னர். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷில் பேசுங்கள். இல்லையென்றால் இதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கட்டும்” என்கிறார்கள். அவன் அப்பாவும் ஏழாவதோடு நின்றவர். “நம்ம வம்சத்துக்கே படிப்பு ஏறாது” என்கிறார் மாமியார். என் பையனுக்கு மூளையில் ஏதாவது குறையா?
— ஒரு தாய், பொம்மசந்திரா

பதில்: சகோதரி, கடைசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்தின் நடுவிலேயே இருக்கிறது. இரண்டரை மணி நேரக் கதையை வரிசை பிசகாமல் சொல்கிற, கடையில் மனக்கணக்குப் போடுகிற பிள்ளைக்கு அறிவு வளர்ச்சியில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காதால் கேட்பதை அவன் நன்றாகப் புரிந்துகொள்கிறான், வாயால் நன்றாகச் சொல்கிறான். எழுத்து என்ற ஒரு வாசலில்தான் தடுக்கி நிற்கிறான்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி மருத்துவர்கள் எழுதத் தொடங்கி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெர்ஸி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன். ஆனால் தன் பெயரையே ‘ப்ரெஸி’ என்று எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் இவன்தான் பள்ளியிலேயே முதலில் நிற்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் குறித்துவைத்தார். இன்று இதை டிஸ்லெக்சியா என்கிறோம். சட்டத்தின் மொழியில், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு.

உங்கள் பையனுக்கு இருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ‘மக்கு’ என்று ஒதுக்குவது எவ்வளவு தவறோ, சோதிக்காமல் ‘டிஸ்லெக்சியா’ என்று பெயர் வைப்பதும் அவ்வளவு தவறு என்பதுதான்.

முதலில் காது. சீழ் நின்றுவிட்டது என்பதால் காது கேட்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், உள்ளே நீர் கோத்திருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளை பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும். அறுபது பேர் சத்தத்துக்கு நடுவில் ‘ப’வா ‘ப(ba)’வா என்ற மாதிரியான மெல்லிய ஒலி வேறுபாடு மட்டும் அதற்குத் தப்பிவிடும். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டி ஆடியோமெட்ரி சோதனை எடுங்கள். கூடவே கண். போர்டைப் பார்த்து எழுதத் தாமதமாகிறது என்கிறீர்கள். ஒரு கண்ணாடியில் சிக்கல் தீர்ந்துபோன ‘படிப்பு வராத’ பிள்ளைகள் எத்தனையோ பேர். அரசுப் பள்ளிகளில், குழந்தைகள் உடல்நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு வந்து இதையெல்லாம் பார்க்கும். தனியார் பள்ளிப் பிள்ளையைப் பெற்றோர்தான் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

அடுத்தது மொழி. பெங்களூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. தமிழில் நமக்கு ஒரே ‘க’தான், ‘கல்’லில் ஒரு மாதிரியும் ‘தங்கம்’ என்பதில் இன்னொரு மாதிரியும் ஒலிக்கிறது, எழுத்து மாறுவதில்லை. கன்னடத்தில் அதே இடத்தில் நான்கு எழுத்து. மெய்யெழுத்துகள் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றொன்றின் கீழே ‘ஒத்து’ என்ற துணை வடிவமாகப் போய் உட்காரும். கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகளே அந்த எழுத்துகள் அத்தனையையும் கைக்குள் கொண்டுவர நான்காவது, ஐந்தாவது வகுப்புவரை ஆகிறது என்று பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சொனாலி நாக் கன்னடப் பள்ளிகளில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, தமிழ் வீட்டுப் பையன் டிக்டேஷனில் இந்த நான்கையும் குழப்பினால் அது நோயல்ல. பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

எது மொழிப் பழக்கம், எது குறைபாடு என்று எப்படித் தெரிந்துகொள்வது? தமிழில் பாருங்கள். எழுத்து வேண்டாம், வெறும் வாய் விளையாட்டு. “கல்-லில் ‘க’வை எடுத்துவிட்டு ‘ப’ போட்டால் என்ன?” “மரத்தில் ‘ம’ போனால் மீதி என்ன?” “நெல், சொல், மண் — இதில் எது ஒட்டவில்லை?” பஸ்ஸில் போகும்போதும் சப்பாத்தி தேய்க்கும்போதும் கேளுங்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வாரம் விளையாடிய பிறகும் தாய்மொழியிலேயே ஒலியைப் பிரிக்கத் திணறுகிறான் என்றால், கோளாறு கன்னடத்திலும் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை. ஒரே வார்த்தையை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறான் என்றீர்களே, அது எனக்குச் சந்தேகத்தை உண்டாக்குகிற அடையாளம். அப்பாவும் ஏழாவதோடு நின்றார் என்பது இன்னொன்று. டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. ஆனால் மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: சி.என்.சி. மெஷினில் மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற கைக்கும் மூளைக்கும் குறை என்று யார் சொல்வது?

காதும் கண்ணும் சரியாக இருந்து, சந்தேகமும் தீராவிட்டால் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போங்கள். நீங்கள் இருக்கும் அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டிலிருந்து பொம்மசந்திராவிலிருந்தே மெட்ரோ ஓடுகிறது. ஜெயதேவா ஹாஸ்பிட்டல் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். காலையிலேயே போய்விடுங்கள். குழந்தைகள் மனநலப் பிரிவு என்று கேளுங்கள். கற்றல் குறைபாட்டைக் கண்டறிய இந்த நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைத்தான் மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. எட்டு வயதிலேயே ஆசிரியர் கவனித்துச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த வழிகாட்டுதலில் இருந்தது. பையனோடு தமிழில் பேசிப் பார்க்கும்படி மறக்காமல் கேளுங்கள். அவனுடைய பழைய நோட்டுகளைக் கொண்டுபோங்கள். மார்க் ஷீட்டைவிட அவை நிறையச் சொல்லும்.

வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்ன ஆலோசனையை ஏற்காதீர்கள். அவனுக்கு முழுசாகக் கைவசம் இருக்கும் ஒரே மொழி அதுதான். கதை கேட்பது, காரணம் கேட்பது, கோபத்தைச் சொல்வது எல்லாம் அதில்தான் நடக்கிறது. உங்களுக்கே தடுமாறும் இங்கிலீஷில் நீங்கள் பேசத் தொடங்கினால் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது, வீட்டில் பேச்சுதான் குறையும்.

நான்காம் வகுப்பில் நிறுத்திவைப்பது சட்டப்படி முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தம் ஐந்தாவதிலும் எட்டாவதிலும் மட்டுமே அதற்கு இடம் தருகிறது. எட்டாவது முடியும்வரை பள்ளியைவிட்டு அனுப்பவும் முடியாது. டிஸ்லெக்சியா என்று உறுதியானால் இன்னொரு சட்டமும் துணைக்கு வரும். 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பது பள்ளியின் கடமை என்றும் சொல்கிறது. சான்றிதழ் கிடைத்தால் பிற்பாடு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். ஆனால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள்: காது நன்றாகக் கேட்கும் பக்கமாக முன் பெஞ்சு, போர்டில் எழுதுவதை நோட்டில் எழுத நேரம் போதாவிட்டால் ஒரு பிரதி, வகுப்புக்கு நடுவே எழுந்து வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, தெரிந்ததை வாயால் சொல்ல ஒரு வாய்ப்பு. இவற்றுக்குப் பணம் செலவாகாது.

டியூஷனை இன்றோடு நிறுத்துங்கள். அடித்தால் எழுத்து ஏறாது. திங்கட்கிழமை வயிற்றுவலிதான் ஏறும். அந்த வலி நடிப்பல்ல, பயம் வயிற்றில் வலியாகவே வரும். ஞாபகசக்தி டானிக், ‘மிட்பிரெயின்’ வகுப்பு என்று யாராவது விற்க வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது. ஒலியையும் எழுத்தையும் சின்னச் சின்னப் படியாக, திரும்பத் திரும்ப, பயிற்சி பெற்ற ஸ்பெஷல் எஜுகேட்டர் சொல்லிக்கொடுப்பதுதான் வழி. அதுவரை தினமும் பத்து நிமிடம் நீங்களோ அவன் அப்பாவோ கதை படித்துக் காட்டுங்கள். தட்டில் மாவைப் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். ஒரு நாளைக்கு ஒரு மொழியின் எழுத்து போதும். இங்கிலீஷையும் கன்னடத்தையும் ஒரே உட்காரலில் கலக்காதீர்கள்.

இந்த வாரமே காது மருத்துவரைப் பாருங்கள். சோதனை முடிவோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்தது என்ன என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.