கேக்கின் மேல் ஒரு ரயில்

தாராவியில் ஒரு சந்து. அந்தச் சந்தின் கடைசியில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை 5 வயது முடிகிறது.

"அம்மா, எனக்கு ரயில் கேக் வேணும்" என்றான். எந்த ரயில்? மும்பை லோக்கல் ரயில். வெள்ளைப் பெட்டி. அதில் ஊதாக் கோடு. தினமும் அவன் பார்க்கிற ரயில்.

அம்மா பேக்கரியில் விசாரித்தாள். ரயில் வைத்த கேக்கின் விலை அவளுடைய ஒரு வாரக் கூலி! அரை கிலோ சாதா கேக் வாங்கலாம். ரயிலை வீட்டிலேயே செய்தால் என்ன?

பக்கத்து வீட்டு ஆன்ட்டி கோவாக்காரர். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவர் மார்சிபான் செய்வார். அது ஓர் இனிப்பு. மேல்நாட்டில் அதைப் பாதாம் பருப்பில் செய்வார்கள். கோவாவிலும் மும்பையிலும் பல வீடுகளில் முந்திரிப் பருப்பில் செய்கிறார்கள். முந்திரி மரமும் வெளியிலிருந்து வந்ததுதான். போர்ச்சுகீசியர் அதைப் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள். மார்சிபானை மாவு போலப் பிசையலாம். பூ, பழம், பொம்மை என்று எந்த உருவமும் பிடிக்கலாம். முட்டை வேண்டாம். ஜெலட்டினும் வேண்டாம்.

சனிக்கிழமை காலை அம்மா ஆன்ட்டியிடம் போனாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது.

"ஆன்ட்டி, கோடு போடக் கலர் பொடி வாங்கிட்டேன். ரொம்ப மலிவு."

ஆன்ட்டி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் பெயர் எங்கே? நம்பர் எங்கே?"

ஒன்றும் இல்லை. பளபளக்கும் ரோஸ் நிறப் பொடி மட்டும் இருந்தது.

"இது துணிச் சாயமாகவும் இருக்கலாம். குழந்தைக்குக் கொடுக்காதே" என்றார் ஆன்ட்டி.

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. ரோடமின்-பி என்று ஒரு சாயம் இருக்கிறது. துணிக்கும் காகிதத்துக்கும் நிறம் ஏற்றுவது அது. உணவில் அதைச் சேர்க்க அனுமதி இல்லை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாயைச் சோதித்தார்கள். அதில் இந்தச் சாயம் இருந்தது. இரண்டு இடங்களிலும் அரசு தடை போட்டது.

ஆன்ட்டி தன் அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதன் மேல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத்து. அம்மாவுக்கு அது படிக்க வராது. ஆனால் எண் தெரியும். உணவுத் துறை உரிம எண்ணை விரல் வைத்து எண்ணினாள். 14 இலக்கம். காலாவதித் தேதியையும் பார்த்தாள். தேதி போன வருஷமே முடிந்திருந்தது! ஆன்ட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, பீட்ரூட் வாங்கி வா" என்றார்.

இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். 200 கிராம் முந்திரியை மிக்சியில் விட்டுவிட்டு அரைத்தார்கள். தொடர்ந்து ஓட்டினால் முந்திரி எண்ணெய் விடும். மாவு கெட்டுப்போகும். 150 கிராம் சர்க்கரையில் 75 மில்லி தண்ணீர் விட்டுப் பாகு காய்ச்சினார்கள். விரலில் தொட்டு இழுத்தால் ஒரு கம்பி வரவேண்டும். அப்போது முந்திரிப் பொடியைக் கொட்டினார்கள். சிறு தீயில் கிளறினார்கள். மாவு ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வந்தது. நெய் தொட்ட விரலில் கொஞ்சம் உருட்டிப் பார்த்தார்கள். பிசுபிசுக்கவில்லை. உடனே இறக்கிவிட்டார்கள். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் ஆறியபின் மாவு உதிரும். கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைந்தார்கள்.

பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தார்கள். சாற்றை ஒரு ஸ்பூன் அளவுக்குச் சுண்டக் காய்ச்சினார்கள். சுண்டாத சாற்றை ஊற்றினால் மாவு இளகிவிடும். கொஞ்சம் மாவில் அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார்கள். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போட்டால் குழம்பு வாசனை வரும். சக்கரத்துக்குக் கோகோ தூள்.

பெட்டிகளைக் கத்தியால் வெட்டினார்கள். கழுவித் துடைத்த பாட்டில் மூடியால் சக்கரம் வெட்டினார்கள். ஒட்டுவதற்குப் பாகு. அம்மா பல் குச்சி எடுத்தாள். ஆன்ட்டி தடுத்துவிட்டார். குழந்தை கடித்தால் குச்சி வாயில் குத்தும். வெள்ளி நிற மணிகளும் வேண்டாம் என்றார். கெட்டியான உருண்டை சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைக்கும். விருந்துக்கு வரும் குழந்தைகளில் முந்திரி ஒத்துக்கொள்ளாதவர் உண்டா என்று அவர்கள் தாய்மாரிடமும் கேட்கச் சொன்னார்.

ரயில் இரவு முழுதும் தட்டில் உலர்ந்தது. மேலே மெல்லிய துணி. ஃபிரிட்ஜில் வைக்கவில்லை. வைத்திருந்தால் வெளியே எடுத்ததும் வியர்த்திருக்கும்.

ஞாயிறு மாலை கேக்கில் ஜாம் தடவி, ரயிலை மேலே வைத்தார்கள். பையன் குனிந்து பார்த்தான்.

"கோடு ஊதா இல்லையே, சிவப்பா இருக்கே."

"இது பீட்ரூட் ரயில்டா" என்றாள் அம்மா.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு முன் பெட்டியைக் கையால் மூடிக்கொண்டான்.

"மோட்டார்மேன் பெட்டி எனக்கு. மத்ததை எல்லாருக்கும் கொடு."

பயிற்சி

1. 200 கிராம் முந்திரிக்கு 150 கிராம் சர்க்கரை. 400 கிராம் முந்திரிக்கு எவ்வளவு சர்க்கரை?

2. உங்கள் வீட்டில் உள்ள ஓர் உணவுப் பொட்டலத்தை எடுங்கள். அதில் 14 இலக்க எண்ணையும் காலாவதித் தேதியையும் கண்டுபிடித்து எழுதுங்கள்.