எலும்புச்சாறு: காய்ச்சலும் சேமிப்பும்

தென்காசி வட்டாரத்தில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால், அவ்வீட்டில் ஆட்டுக்கால் சாறோ நாட்டுக்கோழிச் சாறோ அடுப்பில் ஏறுவது வழக்கம். செங்கோட்டையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் உறவினர்கள் அதனைக் குடுவையில் ஊற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவருவர். நாள்தோறும் காய்ச்ச இயலாதோர், ஒரே நாளில் கெட்டியாகக் காய்ச்சி உறைய வைத்துக்கொள்ளலாம். அதன் முறையையும், அச்சாற்றால் எது இயலும், எது இயலாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

சாறு மட்டும் உணவாகுமா?

பாரிஸ் மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் எலும்பிலிருந்து எடுத்த ஊன்பசைச் சாற்றை நோயாளிகளுக்கு உணவாக அளித்தனர். மஜாந்தி என்னும் அறிஞரின் தலைமையில் அமைந்த குழு இதனை ஆராய்ந்து, ஊன்பசை மட்டுமே உயிரைக் காக்காது என்று 1841இல் அறிவித்தது. உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் அதில் இல்லை என்பது பின்னர் விளங்கியது. சாறு பசியைத் தூண்டும்; நீரும் உப்பும் தரும்; தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால், புண் ஆறுவதற்கு வேண்டிய புரதத்தை அது ஒன்றே தந்துவிடாது. ஆகவே, வெந்த கறியை நன்கு மசித்துச் சாற்றுடன் சேர்த்துக் கொடுங்கள். அல்லது அவித்த முட்டை ஒன்றை உடன் அளியுங்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. சைவ உணவினர் பருப்புத் தண்ணீரை மட்டும் வடித்துக் கொடாமல், பருப்பையும் கடைந்து சேர்க்க வேண்டும்.

காய்ச்சும் முறை

கழுவிய எலும்பு அரை கிலோ, நீர் 2 லிட்டர், சின்ன வெங்காயம், இஞ்சி, சீரகம், மிளகு ஆகியவற்றைக் குக்கரில் இட்டு, மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். வடிகட்டினால் சுமார் ஒன்றரை லிட்டர் சாறு கிடைக்கும். மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கி, அகன்ற பாத்திரத்தில் அரை லிட்டராகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். இந்நிலையில் உப்பு சேர்க்கலாகாது. நீர் சுண்டினாலும் உப்பு குறைவதில்லை. பருகும்போது சேர்த்தால்தான் அளவு தெரியும்.

குளிர்விப்பதே முதன்மையான படி

சாரல் காலத்தில் குற்றாலக் காற்று குளுமையாக இருப்பதால், சாற்றை இரவு முழுவதும் அடுப்பின் மீதே விட்டுவைப்போர் உண்டு. அது தவறு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் பெருகும். நமக்குக் குளிராகத் தோன்றும் 25 டிகிரியும் அவ்வெல்லைக்குள்ளேயே அடங்கும். சில நுண்ணுயிர்களின் வித்துகள் கொதிநிலையிலும் அழியாமல், சாறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். ஆகவே, பாத்திரத்தைப் பனிக்கட்டி இட்ட நீரில் வைத்து, அடிக்கடி கலக்கி ஆறவிடுங்கள். இரண்டு மணி நேரத்திற்குள் அது குளிர்பதனப் பெட்டிக்குள் சென்றுவிட வேண்டும்.

உறைய வைத்தலும் பயன்பாடும்

குளிர்ந்த சாற்றைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றுங்கள். 20 மில்லி கொள்ளும் குழிகளாயின், அரை லிட்டரில் 25 கட்டிகள் கிடைக்கும். உறைந்தபின் மூடியுள்ள டப்பாவில் இட்டு, காய்ச்சிய நாளைக் குறித்து வையுங்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். ஆதலால் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பாதீர்கள். மைனஸ் 18 டிகிரி உள்ள உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதங்கள் வைக்கலாம். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறிய பனி அறை அவ்வளவு குளிராமல் இருக்கக்கூடும். அதில் வைத்ததை ஒரு வாரத்திற்குள் பயன்படுத்துவது நலம். நீண்ட மின்தடையில் முற்றிலும் உருகி வெதுவெதுப்பானதைக் கொட்டிவிடுங்கள். மணமும் சுவையும் நன்றாயிருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

மூன்று கட்டிகளுடன் 120 மில்லி நீர் சேர்த்து நன்கு கொதிக்கவிட்டால், பருகத்தக்க 180 மில்லி சாறு ஆகும். மீந்ததை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

மருத்துவரைக் கேட்க வேண்டியோர்

சிறுநீரக நோயாளிகளுக்குச் சாற்றில் கரைந்துள்ள பொட்டாசியம் ஊறு செய்யலாம். நீர் அளவு வரையறுக்கப்பட்ட இதய நோயாளிகள், பருகும் சாற்றையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். யூரிக் அமிலம் மிகுந்தோருக்கு இறைச்சிச் சாறு வலியைக் கூட்டக்கூடும். பக்கவாதத்தால் விழுங்க இடர்ப்படுவோருக்கு நீர்த்த சாறு மூச்சுக்குழாயில் இறங்கும் அபாயம் உண்டு. உணவுக்குழாய் பொருத்தப்பட்டவருக்கு மருத்துவரோ உணவியல் வல்லுநரோ கூறாமல் அதன் வழியே எதனையும் செலுத்தலாகாது. இவர்களுள் ஒருவரைப் பேணுவோர், முதல் கோப்பையை அளிக்கும் முன்பே வார்டிலுள்ள செவிலியரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.