பொதுப் பள்ளிகளில் எபிரேய மொழித் தோய்வுக் கல்வி: பயனும் எல்லையும்

ஒரு மொழியைப் பாடமாகக் கற்பிப்பது வேறு. அம்மொழியின் வாயிலாகவே கணிதத்தையும் ஓவியத்தையும் உடற்பயிற்சியையும் கற்பிப்பது வேறு. முன்னதில் மாணவர் வாரத்திற்குச் சில மணி நேரம் இலக்கணமும் சொற்பொருளும் பயில்கின்றனர். பின்னதில் மொழி கருவியாகிறது. கவனம் பாடப்பொருளின்மீது இருக்க, மொழி தானே படிகிறது. சாயத்தில் தோய்ந்த நூல் நிறமேற்பதை ஒத்த இம்முறையை மொழித் தோய்வுக் கல்வி எனலாம். அன்றாடப் பேச்சிலிருந்து பல நூற்றாண்டுகள் விலகியிருந்து மீண்டும் மக்கள் மொழியான எபிரேயத்தின் வரலாறு, இம்முறையின் ஆற்றலையும் அதற்குரிய எல்லைகளையும் ஒருங்கே காட்டுகிறது. பொதுப் பணத்தில் நடைபெறும் பள்ளிகளில் ஒரு மொழிக்கு எவ்வளவு நேரமும் நிதியும் ஒதுக்கலாம் என்பதை ஆராய்வோர்க்கு இவ்வரலாறு பயன்படும்.

வகுப்பறையில் எழுந்த மொழி

எபிரேயம் வழிபாட்டிலும் சமய நூல்களிலும் அறிஞர்தம் கடிதங்களிலும் தொடர்ந்து வாழ்ந்துவந்தது. ஆயினும் தாய் தன் குழந்தையுடன் பேசும் மொழியாக அது இருக்கவில்லை. 1881 ஆம் ஆண்டு எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெகுதா தம் இல்லத்தில் எபிரேயம் ஒன்றையே வழங்கச் செய்தார். 1882 இல் பிறந்த அவருடைய மகன் அம்மொழி கேட்டே வளர்ந்தான். ஆயினும் ஓர் இல்லத்தின் உறுதியால் மட்டும் ஒரு சமுதாயத்தின் மொழி உருவாகிவிடாது. அதனை உருவாக்கிய இடம் பள்ளியே ஆகும். 1886 இல் ரிஷோன் லெசியோன் குடியேற்றத்தில் தொடங்கிய பள்ளி எபிரேயத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. மொழிபெயர்ப்பின் துணையின்றி எபிரேயத்தை எபிரேயத்தாலேயே கற்பிக்கும் முறை அக்காலத்தில் பரவிற்று.

தொடக்கத்தில் பாடநூல்கள் இல்லை. அறிவியற் சொற்கள் இல்லை. ஆசிரியர்களுக்கும் அது தாய்மொழி அன்று. 1890 இல் அமைந்த மொழிக் குழு புதுச் சொற்களை ஆக்கித் தந்தது. 1913 இல் ஹைபாவில் அமையவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியின் பயிற்றுமொழி ஜெர்மனா, எபிரேயமா என்ற வினா பெரும் போராட்டமாயிற்று. ஆசிரியரும் மாணவரும் வேலைநிறுத்தம் செய்தனர். 1924 இல் அக்கல்லூரியில் வகுப்புகள் தொடங்கியபோது பயிற்றுமொழி எபிரேயமாகவே இருந்தது. பள்ளியில் வேரூன்றிய மொழி உயர்கல்வியிலும் இடம் கோரும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

குடியேறியோரும் உல்பானும்

1948 இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின் மூன்றரை ஆண்டுகளில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அங்குக் குடியேறினர். அவர்கள் பேசிய மொழிகள் பலவாகும். வயது வந்தோர்க்காக 1949 இல் எருசலேமில் முதல் உல்பான் தொடங்கப்பெற்றது. நாள்தோறும் பல மணி நேரம், சில மாதங்களுக்கு, எபிரேயத்தாலேயே எபிரேயம் கற்பிக்கும் அமைப்பு இது. பிள்ளைகளோ நேரே பொதுப் பள்ளியில் சேர்ந்து, பெற்றோரைவிட விரைவாக மொழியைக் கைக்கொண்டனர். அங்காடியிலும் அலுவலகத்திலும் பெற்றோர்க்குப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளராக நின்றது அக்கால இல்லங்களில் பொதுவாகக் காணப்பட்ட காட்சியாகும். கொச்சியிலிருந்து சென்று நெகேவ் பகுதியின் நெவாதிம் போன்ற வேளாண் குடியேற்றங்களில் வாழத் தலைப்பட்ட யூதர்களின் இல்லங்களிலும் மலையாளம் முதியோர் மொழியாகவும், எபிரேயம் இளையோர் மொழியாகவும் பிரிந்தன.

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில்

மொழி தெருவில் ஒலிக்காத நாட்டில் இம்முறை பயன் தருமா என்பது அடுத்த வினாவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சாசனப் பள்ளி எனப்படும் ஒருவகைப் பொதுப் பள்ளி உண்டு. அரசு நிதியில் நடப்பினும் அதன் நிர்வாகம் தனிக் குழுவிடம் இருக்கும், கட்டணம் கிடையாது, எவரும் சேரலாம். 2007 இல் புளோரிடா மாநிலத்தின் ஹாலிவுட் நகரில் பென் கம்லா பள்ளியும், 2009 இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் எபிரேய மொழிக் கழகப் பள்ளியும் இவ்வகையில் தொடங்கப்பெற்றன. இவை ஆங்கிலத்தோடு எபிரேயத்தையும் நாள்தோறும் பயிற்றுவிக்கும் பகுதித் தோய்வுப் பள்ளிகளாகும்.

இங்கு எழுந்த முதன்மைச் சிக்கல் மொழிக்கும் சமயத்திற்கும் இடையேயுள்ள எல்லை பற்றியதாகும். அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசு எச்சமயத்தையும் நிறுவலாகாது என விதிக்கிறது. வழிபாட்டு மொழியாகவே பலரும் அறிந்துள்ள ஒன்றைப் பொதுப் பணத்தில் கற்பிக்கும்போது பாடநூலின் ஒவ்வொரு பக்கமும் ஆராயப்படுவது இயல்பே. 2007 இல் பாடத்திட்டம் ஆராயப்படும்வரை எபிரேய வகுப்புகளை நிறுத்திவைக்குமாறு உள்ளூர்க் கல்வி வாரியம் புளோரிடாப் பள்ளியைப் பணித்தது; சில வாரங்களுக்குப் பின்னரே அவை தொடர்ந்தன. புரூக்ளின் பள்ளியில் பல இனங்களையும் சமயங்களையும் சேர்ந்த பிள்ளைகள் ஒருங்கே பயில்கின்றனர். கடிதமும் கணக்கும் விளையாட்டும் அம்மொழியில் நடைபெறலாம். வழிபாடு நடைபெறலாகாது என்பதே இப்பள்ளிகளை ஆளும் நெறியாகும்.

கல்விப் பயன்

எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. 22 எழுத்துகளைக் கொண்டது. உயிர்க்குறிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மூன்று மெய்களாலான வேரிலிருந்து சொற்கள் கிளைக்கின்றன. எழுதுதலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து எழுதினான் எனப் பொருள்படும் ‘காதவ்’, கடிதத்தைக் குறிக்கும் ‘மிக்தாவ்’, முகவரியைக் குறிக்கும் ‘கெதோவெத்’ ஆகியன பிறக்கின்றன. இவ்வமைப்பைக் கண்டுகொள்ளும் சிறுவர், சொல் என்பது உறுப்புகளால் ஆனது என்பதையும் அறிகின்றனர். அரபியும் இதே குடும்பத்தைச் சார்ந்ததாதலால் அம்மொழியை அணுகுவதும் எளிதாகிறது.

தாய்மொழி பாதிக்கப்படுமோ என்னும் அச்சம் பெற்றோர்க்கு இயல்பானது. 1965 இல் கனடாவின் மான்ட்ரீல் நகர்க்கருகேயுள்ள செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழியிலேயே தொடக்கக் கல்வி அளிக்கப்பட்டது. லாம்பர்ட், டக்கர் ஆகிய ஆய்வாளர்கள் 1972 இல் வெளியிட்ட முடிவுகள், ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் அப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை எனக் காட்டின. பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் உணரும் திறன் மிகுந்திருந்தது. பேச்சிலும் எழுத்திலும் தாய்மொழியாளர் அளவை எட்டவில்லை. நாளின் ஒரு பகுதியை மட்டும் எபிரேயத்திற்கு அளிக்கும் பள்ளியில், முழுத் தோய்வின் இப்பயன் அப்படியே விளையும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

செலவும் இழப்பும்

பொருளியல் நோக்கில் தோய்வுக் கல்வியின் அரிய உள்ளீடு ஆசிரியரே ஆவார். பாடப்பொருளையும் மொழியையும் ஒருங்கே அறிந்தவர் எங்கும் குறைவு. ஒரு வகுப்பிற்கு இரு ஆசிரியரை அமர்த்தினால் செலவு உயர்கிறது. எபிரேயத்திற்கு ஒதுக்கும் நேரம் பிறிதொன்றிலிருந்து எடுக்கப்படுவதேயாம்.

மற்றொரு செலவு எக்கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. இஸ்ரேலில் எபிரேயம் ஓங்கியபோது இத்திஷும் லதினோவும் யூத அரபியும் இல்லங்களிலிருந்து மறையலாயின. பாட்டியும் பேரனும் பேசிக்கொள்ளப் பொதுமொழி இன்றிப்போன குடும்பங்கள் உண்டு. ஒரு நாட்டு மக்களை இணைத்த கருவியே தலைமுறைகளைப் பிரிக்கவும் செய்தது.

இதனைச் சமன்செய்ய முயலும் எடுத்துக்காட்டும் அங்கேயே உள்ளது. 1998 முதல் ‘கையோடு கை’ என்னும் பெயருடைய பள்ளிகளில் யூதச் சிறுவரும் அரபுச் சிறுவரும் இரு ஆசிரியரிடம் இரு மொழிகளிலும் பயில்கின்றனர். ஆயினும் அரபுப் பிள்ளைகள் எபிரேயத்தில் பெறும் தேர்ச்சியை யூதப் பிள்ளைகள் அரபியில் பெறுவதில்லை என்பது கண்கூடு. பள்ளியில் இரு மொழிகளும் சமமாயினும் வேலைவாய்ப்பிலும் தெருவிலும் ஒன்றே மேலோங்கி நிற்பதே இதற்குக் காரணமாகும்.

முடிவுரை

எபிரேயத் தோய்வுக் கல்வியின் பயன் மூன்று நிபந்தனைகளைச் சார்ந்துள்ளது எனலாம். முதலாவது, தொடர்ந்து கிடைக்கும் தகுதி வாய்ந்த ஆசிரியர்; இரண்டாவது, மொழிக்கும் சமயத்திற்கும் இடையே வெளிப்படையான எல்லை; மூன்றாவது, பள்ளிக்கு வெளியே அம்மொழிக்கு ஒரு பயன்பாடு. இவை அமைந்த இடத்தில் பொதுப் பணம் நற்பயன் தருகிறது. இவற்றுள் ஒன்று குறையினும் விளைவு சுருங்குகிறது.

இந்திய அரசமைப்பின் 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்வி அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. புதியதொரு மொழியில் குழந்தையைத் தோய்க்கத் திட்டமிடுவோர், இல்லத்து மொழி என்னவாகும் என்னும் வினாவிற்கும் அத்திட்டத்திலேயே விடை காணல் வேண்டும். எபிரேயத்தின் வெற்றியோடு, அதன்பொருட்டு இல்லங்கள் கொடுத்த விலையும் சேர்த்து எண்ணப்படுதல் நன்று.