கடை ஃபிரிட்ஜைக் காப்போம்

தராசுக்கு முறை தவறாமல் முத்திரை போடுகிறோம். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவித் துடைக்கிறோம். ஆனால் இரவு பகலாக ஓடும் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தை, அது நின்றுபோகும் நாள்வரை நாம் எட்டிப் பார்ப்பதில்லை. கோடையில் ஒரு நாள் நின்றால் பால், தயிர், வெண்ணெய், ஐஸ்கிரீம் அத்தனையும் கைமுதலில் நஷ்டம். கெட்டது தெரியாமல் விற்றுவிட்டால் கடையின் பெயருக்கே நஷ்டம்.

தூசி: ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்து கண்டென்சர் வழியாக வெளியே விடுகிறது. நம் கடைகளில் மாவுத் தூசியும் சாக்கு நாரும் அதில் கம்பளிபோல் படிந்துவிடும். சூடு வெளியேற முடியாமல் கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடும், மின்கட்டணம் ஏறும், கடைசியில் கம்ப்ரஸரே எரிந்துபோகலாம். மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வைப்பது நலம். பின்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்கக் கூடாது.

கதவு ரப்பர்: ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பார்த்து, சரியாகாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

வெப்பநிலை: உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். பால் பொருளுக்கு 5 டிகிரிக்குக் கீழும், ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 டிகிரியும் இருக்க வேண்டும். காற்று சுற்றிவர இடம் விடாமல் சரக்கைத் திணித்தால் குளிர் எட்டாது.

பனிக்கட்டி: ஃபிரீசரில் பனி கால் அங்குலம் சேர்ந்ததும் அணைத்துவிட்டுத் தானாகக் கரைய விடுங்கள். கத்தியால் குத்தினால் குழாயில் ஓட்டை விழுந்து காஸ் போய்விடும்.

மின்சாரம்: எர்த் உள்ள தனிப் பிளக் வேண்டும். மின்தடைக்குப் பிறகு மின்சாரம் வந்ததும் 3 முதல் 5 நிமிடம் பொறுத்தே போட வேண்டும். இதைத் தானே செய்யும் ஸ்டெபிலைசரும் உண்டு. மின்தடையின்போது கதவைத் திறக்காதிருந்தால் ஃபிரிட்ஜில் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் தாங்கும். கண்ணாடிக் கதவானால் இன்னும் குறையும். உருகிய ஐஸ்கிரீமை மறுபடி உறையவைத்து விற்கக் கூடாது.

பழுது: கம்ப்ரஸரில் ஆர்-600ஏ என்று எழுதியிருந்தால், உள்ளிருப்பது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். அந்த வேலை தெரிந்த மெக்கானிக்கையே அழையுங்கள். கடைக்குள் எண்ணெய், சாக்கு நடுவே பற்றவைக்க விடாதீர்கள்.

துடைத்த தேதியையும் பழுதுச் செலவையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். மாதம் அரை மணி நேரம் போதும். கோடை வருமுன் இந்த வாரமே தொடங்குவோம்.