அணுக்கருவைத் தேடிப் போகிறவளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

பி.எஸ்சி. முடிக்கப் போகிறாய், அணுக்கரு இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய ஆசை, கல்பாக்கத்தில் சேர என்ன படிக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறாய். உன்னைப்போல் தாம்பரம், சேலையூர் பக்கம் இயற்பியல் படிக்கிற பிள்ளைகளில் பலர் இதையேதான் கேட்கிறார்கள். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து. அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் அணுக்கரு என்றதும் கல்பாக்கம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் உன் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அணுக்கருவை அறிவது ஒன்று. அதிலிருந்து ஆற்றலை எடுத்து ஆள்வது இன்னொன்று. இரண்டும் உறவுதான், ஆனால் இரண்டுக்கும் படிப்பு வேறு, ஊர் வேறு, வாழ்க்கையும் வேறு. எது உன்னுடையது என்று இந்த வயதிலேயே யோசித்துவிடு.

முதலில் கல்பாக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே சென்னை அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். 1971இல் உலை ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் தொடங்கி 1985இல் இந்தப் பெயரைப் பெற்றது. அதே 1985 அக்டோபரில் அங்கே வேக ஈனுலைச் சோதனை உலை தொடர்வினையை எட்டியது. யுரேனிய, புளூட்டோனிய கார்பைடு எரிபொருள். வெப்பத்தைக் கொண்டுபோவதற்குத் திரவ சோடியம். 40 மெகாவாட் வெப்பத் திறனுக்கென வடிவமைத்த உலை அந்த முழுத் திறனை 2022இல்தான் தொட்டது. இடையில் 36 ஆண்டுகள். ஒரு விஞ்ஞானி வேலையில் சேர்ந்து ஓய்வு பெறும் காலம் அது. இந்தத் துறையின் காலக்கணக்கு எப்படிப்பட்டது என்பதை இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

அங்கே இயற்பியலாளர்களுக்கு என்ன வேலை? உலைக்குள் நியூட்ரான்கள் எங்கே பிறக்கின்றன, எங்கே சாகின்றன என்று கணக்கிடும் உலை இயற்பியல் ஒன்று. கதிர்த் தடுப்புக் கணக்குகள் உண்டு. அதோடு, எனக்கு மிகவும் பிடித்த பொருளறிவியலும் உண்டு. வேக நியூட்ரான்கள் எரிபொருளை மூடியிருக்கும் எஃகைத் தாக்கும்போது, அந்த எஃகின் ஒவ்வோர் அணுவும் உலைக்குள் இருக்கும் காலத்தில் பல முறை தன் இடத்திலிருந்து தூக்கி எறியப்படும். அவ்வளவு அடி வாங்கிய பிறகும் உலோகம் வீங்காமல், விரிசல் விடாமல் நிற்க வேண்டும். அதைச் சோதிக்க உலையில் வருடக்கணக்கில் வைத்துக் காத்திருக்காமல், 17 லட்சம் வோல்ட் முடுக்கி ஒன்றிலிருந்து அயனிகளைப் பாய்ச்சிச் சேதத்தைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கிறார்கள். காமினி என்றொரு சின்ன உலையும் இருக்கிறது. 1996இல் தொடங்கியது, திறன் வெறும் 30 கிலோவாட். அதன் எரிபொருள் தோரியத்திலிருந்து செய்த யுரேனியம் 233. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறதே, அந்தத் தோரியம்தான் இந்த எரிபொருளுக்கு ஆதாரம். விண்வெளித் திட்டத்துக்கான வெடிப்பொறிகளை அந்த உலையின் நியூட்ரான்களால் படமெடுத்துச் சரிபார்க்கிறார்கள்.

இதையெல்லாம் வாசிக்கும்போது உன் மனம் துள்ளுகிறதா? அப்படியென்றால் உன் வழி அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி.

அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது உன் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊர்க்காரர் என்று நான் உரிமையோடு சொல்வது ராஜா ராமண்ணாவை. பிறந்தது கர்நாடகத்தின் திப்தூரில். ஆனால் அவர் இயற்பியல் பட்டம் பெற்றது தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், 1945இல். கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது 1937இல். ஆகவே அந்த வளாகத்தின் ஆரம்ப கால மாணவர்களில் அவரும் ஒருவர். பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம், 1949இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. அணுக்கருப் பிளவையும் நியூட்ரான்களையும் ஆராய்ந்தார். 1974 பொக்ரான் சோதனையின் தலைவர் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், 1957இல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி எழுந்ததில் அவருக்கு இருந்த பங்கு அதைவிடப் பெரியது. வெளிநாட்டுப் பட்டம் இல்லாத, சாதாரணக் கல்லூரியில் படித்த பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு கடுமையாகப் படிக்க வைத்து, விஞ்ஞானியாக வேலையில் அமர்த்துகிற ஏற்பாடு அது. கல்பாக்கத்திலும் 2006 முதல் அந்தப் பள்ளி நடக்கிறது. எம்.எஸ்சி.யில் 60 விழுக்காடு வேண்டும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26, பிற பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கேட் மதிப்பெண் அல்லது அவர்களே நடத்தும் தேர்வு, பிறகு நேர்முகம். நேர்முகத்தில் அடிப்படையைத்தான் குடைவார்கள். இரண்டு பாடங்களை எலும்பு வரை தெரிந்து வைத்திருப்பவள் எட்டுப் பாடங்களை மேலோட்டமாகப் படித்தவளை முந்திவிடுவாள். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் அறிவிப்பை நீயே வரிவரியாகப் படி, யார் சொன்னதையும் நம்பாதே, நான் சொன்னதையும்.

இனி மற்றக் கேள்வி, அணுக்கருவை அறிவது. இதில்தான் என் மனம் இருக்கிறது.

கார்பன் எப்படி உண்டானது என்று யோசித்திருக்கிறாயா? விண்மீனுக்குள் மூன்று ஹீலியக் கருக்கள் சேர வேண்டும். சாதாரணமாகக் கணக்குப் போட்டால் அது மிக அரிதாகத்தான் நடக்கும். உலகில் இவ்வளவு கார்பன் இருக்கவே முடியாது. அப்படியானால் கார்பன் கருவில் ஏறத்தாழ 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் ஓர் ஆற்றல்நிலை இருந்தே தீர வேண்டும் என்றார் ஃபிரெட் ஹாயில். 1953இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தில் தேடினார்கள், இருந்தது. உன் உடம்பில் கார்பன் இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு ஓர் அணுக்கருவின் உள்நிலையை ஒருவர் முன்கூட்டிச் சொன்னார். அணுக்கரு இயற்பியல் என்று நான் சொல்வது இதைத்தான். வேலை தீர்ந்துவிட்ட துறை என்றும் எண்ணிவிடாதே. 2, 8, 20, 28, 50, 82, 126 என்று மாய எண்களை மனப்பாடம் செய்திருப்பாய். நியூட்ரான் மிகுந்த கருக்களுக்குப் போனால் அந்த எண்கள் மாறுகின்றன. ஆக்சிஜன் 24இல் 16 நியூட்ரான்கள் இருக்கின்றன; பாடநூல் பட்டியலில் இல்லாத அந்த 16 அங்கே மாய எண்ணாகிவிடுகிறது. ஏன் என்பதை முழுவதுமாக விளக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம்.

இந்த ஆராய்ச்சிக்கான பெரிய முடுக்கி தமிழ்நாட்டில் இல்லை. இதை யாரும் மாணவர்களிடம் தெளிவாகச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். மும்பையில் டாட்டா நிறுவன வளாகத்தில் ஒரு பெல்லட்ரான், டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் 15 மில்லியன் வோல்ட் பெல்லட்ரான், கொல்கத்தாவில் சைக்ளோட்ரான். டெல்லி மையம் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கென்றே கட்டப்பட்டது. உன் வழிகாட்டி ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி அனுப்புவார்; குழு பரிசீலித்து எட்டு மணி நேர ஷிப்ட் கணக்கில் பீம் டைம் தரும். கிடைத்துவிட்டால் இரவென்றும் பகலென்றும் கிடையாது. அந்தச் சில நாட்களில் சேர்த்த தரவைப் பிரித்துப் பார்க்க வருடக்கணக்கில் ஆகும். ஊரை விட்டுப் போகத் தயங்குகிறவளுக்குச் சோதனை அணுக்கரு இயற்பியல் ஒத்துவராது. கோட்பாட்டுப் பக்கம் போனால் தரமணியிலேயே கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1960இல் நீல்ஸ் போர் சென்னை வந்தபோது மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டில் நடத்திவந்த கருத்தரங்கு மாணவர்களைச் சந்தித்தார். அந்தக் கருத்தரங்கிலிருந்துதான் 1962இல் அந்த நிறுவனம் முளைத்தது. இன்று அங்கே துகள் இயற்பியலும் கணிதமும்தான் அதிகம் என்பதையும் தெரிந்துகொள். கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அணுக்கரு இயற்பியலுக்கென்றே ஒரு துறை உண்டு. எம்.எஸ்சி.க்கு அதைக் கட்டாயம் பார். ஐஐடிகளுக்குப் போக விரும்பினால் ஜாம் தேர்வு, பிப்ரவரியில் நடக்கும். முனைவர் பட்டத்துக்கு ஜெஸ்ட், கேட், நெட் என்று வாசல்கள் இருக்கின்றன. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய்.

இவையெல்லாம் பின்னால். இந்த வருடம் உன் கையில் இருப்பது கல்லூரி ஆய்வகத்து ஜிஎம் கவுன்ட்டர். எல்லோரும் அரைமணி நேரத்தில் முடித்து ரெக்கார்டு எழுதிவிட்டுப் போகிற சோதனை அது. நீ அப்படிச் செய்யாதே. நூறு துகள்களை எண்ணினால் பிழை பத்து, அதாவது பத்து விழுக்காடு. பத்தாயிரம் எண்ணினால் பிழை நூறு, ஒரு விழுக்காடுதான். பிழையைப் பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். இந்தத் துறையில் ஏன் இரவெல்லாம் விழிக்கிறார்கள், ஏன் ஒரு அளவீட்டுக்கு மாதங்கள் ஆகின்றன என்பதெல்லாம் இந்த வர்க்கமூலத்துக்குள் அடங்கியிருக்கிறது. கதிர்மூலத்தை எடுத்துவிட்டுப் பின்னணியை மட்டும் ஒரு மணி நேரம் எண்ணு. நிமிடத்துக்கு நிமிடம் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்து பார். தங்கத் தகட்டிலிருந்து ஆல்ஃபா துகள்கள் பின்னால் திரும்புவதை 1909இல் இயற்பியலாளர் கைகருடன் சேர்ந்து கண்டபோது எர்னஸ்ட் மார்ஸ்டெனுக்கு 20 வயது, பட்டப்படிப்பு மாணவர். உன் வயதுதான்.

கூடவே நிரல் எழுதப் பழகு. பைத்தான் போதும், பிறகு சி++. செர்னில் உருவான ஜியன்ட்4, ரூட் இரண்டும் இலவசம். ஒரு கதிர் டிடெக்டருக்குள் என்ன ஆகிறது என்று வீட்டுக் கணினியிலேயே பார்க்கலாம். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பி. இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்தால் இந்த வாழ்க்கை உனக்குப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டு, அதற்குப் பிறகு வெளிநாட்டில் முனைவர் மேல் ஆய்வு. நிரந்தர இடம் கிடைக்கும்போது வயது முப்பத்தைந்தை நெருங்கிவிடும். அப்போதும் இடங்கள் குறைவு. கல்லூரிப் பணி என்றால் நெட் அல்லது செட் வேண்டும். அரசுக் கல்லூரி நியமனங்கள் எப்போதாவதுதான் வருகின்றன. புறநகர்த் தனியார் கல்லூரிகள் பலவற்றில் சம்பளம் படித்த படிப்புக்கு ஈடாக இல்லை. ஆனால் அணுக்கரு கற்றவளுக்கு வேறு ஒரு வாசலும் உண்டு: மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க் கதிர்சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் கதிரளவைக் கணக்கிட, கருவியைச் சரிபார்க்க இயற்பியலாளர் இல்லாமல் நடக்காது. அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கு எம்.எஸ்சி. உண்டு. அதை இரண்டாந்தர வழி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. நோயாளிக்கும் கதிருக்கும் நடுவில் நின்று பொறுப்பேற்கிற வேலை அது.

அண்ணி, அதாவது உன் அம்மா, கதிர்வீச்சை நினைத்துப் பயப்படுவதாக எழுதியிருக்கிறாய். பயத்தைக் கேலி செய்யாதே. கதிர் வேலையில் இருப்பவர்கள் சட்டையில் டிஎல்டி பேட்ஜ் அணிகிறார்கள். வாங்கிய கதிரளவு அதில் பதிவாகும். ஐந்து ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது, எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. இயற்கையிலிருந்தே உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 வாங்குகிறார்கள். இந்த எண்களை அண்ணியிடம் பொறுமையாகச் சொல். கூடங்குளத்தில், இடிந்தகரையில் அணுமின் நிலையத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட மீனவப் பெண்களிடமும் இதே பொறுமையோடு பேசியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அளவு தெரிந்தவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நாளைக்கு நீயும் அவர்களில் ஒருத்தி ஆவாய்.

அடுத்த கடிதத்தில் மூன்று விஷயம் எழுது: உங்கள் கவுன்ட்டரின் இயங்கு மின்னழுத்தம் எவ்வளவு, ஒரு மணி நேரப் பின்னணி எண்ணிக்கை எவ்வளவு, அதன் பிழையை எப்படிக் கணக்கிட்டாய். அளவீடுகளைத் திருத்தாமல் அப்படியே அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அத்தை