மனப்பாரமும் கைவேலையும்



மாலை ஆறு மணிக்கு வெள்ளவத்தைக் காலி வீதியோரம் சற்று நின்று பாருங்கள். வேலை முடிந்து பஸ்ஸில் நெரிபட்டு வருபவர்கள், ஒரு டியூட்டரியிலிருந்து மறு டியூட்டரிக்கு ஓடும் பிள்ளைகள், மரக்கறிப் பையுடன் தொடர்மாடிப் படிகளில் மூச்சு வாங்கும் தாய்மார். இரண்டு ஒழுங்கை தாண்டினால் கடல். ஆனால் அதைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? இரவிலோ நித்திரை இல்லை. வெளிநாட்டிலுள்ள மகனின் விசா, மகளின் உயர்தரப் பரீட்சை, ஏறிக்கொண்டே போகும் வாடகை என்று மனம் சுற்றிச் சுற்றி வருகிறது.

இப்படிப்பட்டவர்கள் எங்களிடம் வந்து, "சுவாமி, மனம் ஓரிடத்தில் நிற்குதில்லை" என்கிறார்கள். "செபியுங்கள், பொறுமையாயிருங்கள்" என்று குருக்களாகிய நாங்கள் ஆலோசனை சொல்கிறோம். அது சரியான ஆலோசனைதான். ஆனால் செபிக்க உட்காரவே முடியாதபடி மனம் அலைபாயும்போது என்ன செய்வது? அத்தகைய வேளைக்கு உதவும் எளிய வழியொன்றை இவ்வாரம் படிப்போம். அதற்கு வேண்டியவை ஒரு தாள், ஒரு பென்சில், கொஞ்சம் களிமண், அல்லது ஒரு கீற்று ஓலை. அவற்றோடு, சும்மா இருக்க மாட்டாத நமது இரு கைகள்.

மன இறுக்கம் எப்படி உண்டாகிறது?

ஆபத்து வரும்போது நம் உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் இரு சிறு சுரப்பிகள் அட்ரினலின், கோர்ட்டிசோல் முதலிய நீர்களை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. நாய் துரத்தினால் ஓடுவதற்கு இது வேண்டும். ஓடித் தப்பியதும் உடல் மெல்ல அடங்கிவிடும். இது சிருஷ்டிகர் நமக்குத் தந்த பாதுகாப்பு.

ஆனால் வாடகைக் கவலை நாயைப் போல் துரத்திவிட்டுப் போய்விடுவதில்லை. அது வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஆகவே உடலும் அடங்குவதில்லை. நித்திரை கெடுகிறது, சாப்பாடு செமிப்பதில்லை, அற்ப காரியத்துக்கும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறோம். இது விசுவாசக் குறைவினால் மட்டும் வருவதென்று நினைத்து ஒருவரைக் கண்டிப்பது அறியாமை. இறுகிய உடலை இளக்கவும் வழி தேட வேண்டும்.

கைவேலை என்ன செய்கிறது?

படம் கீறும்போதும், களிமண் பிசையும்போதும், ஓலை பின்னும்போதும் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவதாக, கண்ணும் கையும் ஒரே இடத்தில் நிற்பதால் மனமும் சற்று நேரம் அங்கே நிற்கிறது. இரண்டாவதாக, ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால் மூச்சு சீராகிறது. மூன்றாவதாக, எதுவும் நம் கையில் இல்லை என்று தவிக்கும் வேளையில், சிறிய பொருளொன்று நம் கையாலேயே உருவாகி நம் முன்னால் நிற்கிறது.

2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். வயதுவந்த 39 பேருக்குக் களிமண், வர்ணப் பேனைகள், ஒட்டுவதற்கான தாள்கள் ஆகியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் விரும்பியதைச் செய்யவிட்டார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கோர்ட்டிசோலை அளந்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பு கலை பழகியவர்கள், பழகாதவர்கள் என்பதால் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. இது சிறியதொரு சோதனையே. இதை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது. எனினும் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பணியகம் 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணை செய்கின்றன என்று அறிக்கை வெளியிட்டது.

இதை ஆய்வாளர்களுக்கு முன்னரே ஒரு நோயாளி கண்டுகொண்டார். ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938இல் காசநோயால் பீடிக்கப்பட்டு ஆரோக்கிய நிலையமொன்றில் படுத்திருந்தார். படுக்கையிலிருந்தபடியே அருகிலிருந்த பொருள்களைக் கீறத் தொடங்கியவர், தம் மனம் தேறுவதைக் கண்டு, பிற நோயாளிகளுக்கும், போரில் காயமுற்று வந்தவர்களுக்கும் அதைப் பழக்கினார். கலைவழிச் சிகிச்சை என்ற பெயரை 1942இல் முதலில் வழங்கியவர் அவரே என்பர்.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

தூர தேசத்துக் கதை போதும். நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த சாட்சி உண்டு. 1996இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மட்டக்களப்பில் இயேசு சபைக் குருவும் உளவள ஆலோசகருமான அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன் அவர்களும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே அழைத்து வரப்பட்டார்கள். கண்ணால் காணக்கூடாதவற்றைக் கண்ட பிள்ளைகள் அவர்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், பாட்டு, மரஞ்செடிகள் ஆகியவற்றின் நடுவே அவர்கள் சேர்ந்து விளையாடினார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். பெரியவர்களுக்கே சொல்லத் தெரியாத துயரத்தைச் சிறுபிள்ளை எப்படிச் சொல்லும்? வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லும். ஒன்றும் சொல்லாமல் விளையாடிவிட்டுப் போனாலும், அந்த நேரம் பயமில்லாமல் கழிந்ததே பெரிய காரியம்.

வேத ஆகமத்தின் ஒளியில்

நம் வேத ஆகமத்தின் தொடக்கத்திலேயே இறைவன் மண்ணைப் பிசைந்து மனிதனை உருவாக்குகிறார். யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலேல் என்னும் கைவினைஞனை இறைவன் தம் ஆவியால் நிரப்புகிறார். அவனுக்குக் கிடைத்த வரம் பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யும் வரமே. எரேமியா 18இல் இறைவாக்கினர் குயவன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். கையில் கெட்டுப்போன மண்ணைக் குயவன் எறிந்துவிடாமல் வேறு பாத்திரமாக வனைகிறான். உடைந்த மனத்துக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன? நம் ஆண்டவரும் தச்சுப் பட்டறையில் கை காய்த்தவரே.

கொட்டாஞ்சேனையில் வாழ்பவர்களுக்குக் கொச்சிக்கடை அந்தோனியாரைத் தெரியாமல் இராது. அவர் பதுவைப் பதியர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்து 356இல் மரித்தவர் வனத்து அந்தோனியார். ஒருமுறை இந்த முனிவருக்கே மனம் சோர்ந்து, எண்ணங்கள் சிதறி, செபிக்க இயலாமற் போயிற்றாம். "என்ன செய்வேன் ஆண்டவரே?" என்று வெளியே வந்தார். அங்கே தம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வதையும், எழுந்து செபிப்பதையும், மீண்டும் உட்கார்ந்து கயிறு பின்னுவதையும், மறுபடி எழுந்து செபிப்பதையும் கண்டார். வழிகாட்ட வந்த தேவதூதர் அவர் என்று வனத்துத் தந்தையர் மரபு கூறுகிறது. செபமும் கைவேலையும் ஒன்றையொன்று தாங்கும் என்பதே அன்று அவர் கற்ற பாடம்.

ஓர் அன்னை கற்பித்த பாடம்

இதை நான் குருமடத்தில் படித்திருந்தேன். ஆனால் விளங்கிக்கொண்டது வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில். 2009இல் வன்னியில் மகனைப் பறிகொடுத்த வயோதிப அன்னை ஒருவர் அங்கே மகளுடன் இருக்கிறார். மாதந்தோறும் நற்கருணை கொண்டு செல்வேன். போகும்போதெல்லாம் ஆறுதல் மொழிகள் பல சொல்வேன். அவர் தலையாட்டுவார், வாய் திறக்கமாட்டார்.

ஒரு குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய நாள் போயிருந்தேன். பேரன் ஆலயத்திலிருந்து ஒரு கட்டுக் குருத்தோலை கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தான். அன்னை ஒன்றை உருவி எடுத்தார். விரல்கள் தாமாகவே மடிக்கத் தொடங்கின. ஒரு சிலுவை, இரண்டு, மூன்று. நானும் ஓர் ஓலையை எடுத்தேன். என் சிலுவை அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று.

"சுவாமி, இறுக்கிப் பிடியுங்கோ" என்றார்.

பல மாதங்களில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. இன்னும் சில சிலுவைகள் முடிந்தபின், தங்கள் ஊரில் தென்னையில் ஏறிக் குருத்து வெட்டித் தருவது மகன்தான் என்றார். பிறகு அழுதார். அன்று நான் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. ஓலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவருடைய மௌனத்தை இத்தனை காலமும் என் வார்த்தைகளால் நிரப்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டில் செய்யக்கூடிய நான்கு பயிற்சிகள்

1. வட்டமும் கோடும்: ஒரு தாளில் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் கீறுங்கள். உள்ளே அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கோடு, புள்ளி, வளைவு என்று ஆறுதலாக நிரப்புங்கள். கோலம் போட முற்றமில்லாத தொடர்மாடியில் இதுவே உங்கள் முற்றம்.

2. கிழித்து ஒட்டுதல்: பழைய கலண்டர், பத்திரிகை ஆகியவற்றைக் கையாலேயே கிழித்து, கோதுமை மாப் பசையால் ஒட்டி, கடல், மரம், வீடு என எதையாவது அமையுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கிழிக்கும்போது கோபமும் சற்று இறங்கும்.

3. பிசைந்து உருவாக்குதல்: களிமண் கிடைக்காவிட்டால் ஒரு கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை உப்பு, ஏறக்குறைய அரைக் கோப்பை தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். சிறு பாத்திரம், பறவை, பாலன் குடிலுக்கு ஓர் ஆட்டுக்குட்டி செய்யலாம். பிடிக்காவிட்டால் உருட்டி மறுபடி தொடங்குங்கள். குயவனும் அப்படித்தான் செய்தான்.

4. இன்றைய நிறம்: "இன்று என் மனம் என்ன நிறம்?" என்று கேட்டு, அந்த நிறத்தால் தாளில் கிறுக்குங்கள். உருவம் எதுவும் வேண்டாம். முடிவில் அதன் அருகே, தேவையென்று தோன்றும் இன்னொரு நிறத்தையும் சேருங்கள்.

இருபது நிமிடம் போதும். கைத்தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். "எனக்குக் கீற வராது" என்று சொல்லாதீர்கள். இதற்குப் புள்ளி போட யாரும் வரப்போவதில்லை. பிள்ளை கீறியதைப் பார்த்து "இதென்ன கோணல்?" என்று கேட்காதீர்கள். "சொல்ல விருப்பமென்றால் சொல்லு ராசா" என்று சொல்லி விட்டுவிடுங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் மௌனமாயிருந்து, செய்ததை இறைவன் முன் வைத்து ஒரு சிறு செபம் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, இது மருந்துக்குப் பதிலாகாது. நாள்கணக்கில் நித்திரையில்லை, எதிலும் பற்றில்லை, சீவிக்கவே விருப்பமில்லை என்ற நிலை வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பும் செவிசாய்க்கக் காத்திருக்கிறது. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவில்லை என்றால், மன நோய்க்குப் போவது மட்டும் எப்படிக் குறைவாகும்?

இரண்டாவது, இது நீதிக்கும் பதிலாகாது. "வயிற்றுக்கில்லாதவனுக்கு வர்ணம் எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு வேண்டியிருந்தது பென்சில் அல்ல. பசித்தவனுக்குச் சோறும், வேலையிழந்தவனுக்கு வேலையும் தேடிக்கொடுப்பது பங்கின் கடமை. அவ்வாறே 2019 ஏப்பிரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் பிற இடங்களிலும் உறவுகளை இழந்தவர்கள் உண்மையைக் கேட்கும்போது, "படம் கீறி மனதை ஆற்றுங்கள்" என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். கைவேலை துயரத்தை மூடி மறைக்கும் துணியாகிவிடக்கூடாது. துயரத்தைச் சுமந்தபடியே நாளைய அலுவலைப் பார்க்கத் தெம்பு தருவதே அதன் பணி. அடங்கிய மனம்தான் அடுத்த வழியைக் காணும், உரியதைக் கேட்கும்.

அன்பான வாசகர்களே, அந்த அன்னை எனக்குப் பின்னிக் கொடுத்த சிலுவை காய்ந்து பழுப்பேறி என் மேசையில் இருக்கிறது. அடுத்த விபூதிப் புதனுக்கு வழக்கப்படி அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். ஆனால் இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

சிந்தனைக்கும் செயலுக்கும்

(குடும்பத்தில் அல்லது அன்பியக் கூட்டத்தில் கலந்து பேசவும்.)

1. என் வீட்டில் பேசாமலிருப்பவர் யார்? அவருடைய மௌனத்தை நான் எதனால் நிரப்புகிறேன்?

2. சிறுவயதில் என் கைகள் விரும்பிச் செய்த வேலை எது? அதை எப்போது, ஏன் விட்டேன்?

3. துன்பப்படுபவருக்கு நான் கொடுப்பது ஆலோசனையா, என் நேரமா?

இவ்வார முயற்சி: ஒருநாள் இரவு தொலைக்காட்சியை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, பாட்டி முதல் பேரன்வரை எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து மேற்கூறிய பயிற்சிகளில் ஒன்றைச் செய்யுங்கள். அதன்பின் குடும்பச் செபமாலையைச் சொல்லுங்கள். அன்று செபமாலை எவ்வாறு அமைந்தது என்பதை நீங்களே கவனியுங்கள்.